அம்மாள் வீட்டில் இல்லை

துரைசானி வீட்டு நடையில் ஒரு வெள்ளித் தட்டு.
பகல் பதினொன்றுக்கு மேல் அதில் சீட்டுகள் விழும்,
வெற்றிலையில் பாதி, பேர் மட்டும் அச்சிட்டது.
வலமூலை மடிந்திருந்தால் ஆளே வந்ததாகப் பொருள்.
இடமூலை மடிந்திருந்தால் துக்கம் விசாரித்ததாக.
மடிக்காத சீட்டு பட்லர் கையில் வந்தது;
அதற்கு மதிப்பு அரைப்பங்கு.

துரைசானி உள்ளே தலைவாரிக்கொண்டிருப்பாள்.
"அம்மாள் வீட்டில் இல்லை" என்று
வாசலில் நின்று சொல்லவேண்டியவள் நான்.
முதல் வாரமே பாவசங்கீர்த்தனம் செய்தேன்.
பிரெஞ்சுச் சாமியார் தாடிக்குள் சிரித்தார்:
"அது பொய் அல்ல, அருளாயி. சம்பிரதாயம்."
இருந்தாலும் மூன்று பிரியதத்தம் சொல்லச் சொன்னார்.

இதைக் கேட்டு மதலேன் விழுந்துவிழுந்து சிரித்தாள்.
டாக்டர் பங்களாவில் கவுன் தைப்பவள்,
வாயில் ஊசி இருக்கும்போதும் பேசுவாள்.
சடைச்சி சிரிக்கவில்லை.
காப்பிக் களத்தில் கொட்டை பொறுக்குகிற கை
மடியில் அசையாமல் கிடந்தது.
"அப்ப, நமக்கு?" என்றாள்.

மறுநாள் என் சன்னல் கட்டையில் ஒரு காப்பி இலை.
நுனி வலப்பக்கம் மடிந்து,
நாரத்தை முள்ளால் தைத்திருந்தது.
பன்னிரண்டு வருஷமாக ஏற்காட்டில் இருக்கிறேன்;
என்னைப் பார்க்க ஒருத்தி வந்து
நான் இல்லையென்று திரும்பிப்போனது
அதுவே முதல் தடவை.
அன்று முழுக்கப் பெரிய மனுஷிபோல நடந்தேன்.
பாலைப் பொங்கவிட்டு வசவு வாங்கினேன்.

இலைக்கு ஏது நாலு மூலை? நுனி ஒன்றுதான்.
அதை வைத்தே சமாளித்தோம்.
அடிப்பக்கம் மடித்தால், ஞாயிறு சாயங்காலம் பாறைக்கு வா.
நடுநரம்பு கிழிந்திருந்தால் கோபம்.
இரண்டு இலை சேர்ந்திருந்தால்
கதை இருக்கிறது, ஓடி வா.

ஆடிக் காற்றில் ஒருநாள்
மதலேன் சன்னலில் மடிக்காத இலை.
"எனக்கே ஆள்விட்டு அனுப்பினாளா?" என்று
பதினோரு நாள் சடைச்சியோடு பேசவில்லை.
காற்றுக்குச் சம்பிரதாயம் தெரியாதடி என்று
இரண்டு பங்களாவுக்கும் களத்துக்கும்
அலைந்தே என் செருப்பு தேய்ந்தது.

துரைசானிகள் குடைபிடித்து உட்காரும் பாறை
அவர்கள் போனபின்னும் சூடாயிருக்கும்.
அதில் உட்கார்ந்து கொய்யா தின்போம்.
கீழே சேலம், வெந்தயம் சிந்தினாற்போல் விளக்குகள்.
காற்று திரும்பினால்
சூரமங்கலத்தில் ரயில் ஊதுவது கேட்கும்.
"அத்தனை வீட்டுக்கும் இலை வைக்க
ஒரு தோட்டம் பத்தாது" என்பாள் சடைச்சி.
அவள் மலையை விட்டு இறங்கியதே இல்லை.

பிறகு துரைக்குச் சீமைக்குத் திரும்ப உத்தரவு வந்தது.
குழந்தை என் தோளில்தான் தூங்கும்,
ஆகவே கப்பலில் நானும்.
போகக் கூலி பேசினார்கள்.
வருவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
மதலேன் என் ரவிக்கைக்குள் ரகசியப் பை தைத்தாள்,
தையல் முழுக்கக் கோணல்.

சடைச்சி ஊருக்கு ஏறிப்போனேன்.
வட்டக் குடிசை வாசலில் அவள் தம்பி.
"அக்கா வீட்ல இல்ல."
உள்ளே முறம் ஒருதரம் தட்டி
நின்றது.
பையன் தன் கால்விரலையே பார்த்தான்.
நூறு பேரிடம் நான் சொன்ன வார்த்தை
என்னிடம் யாரும் சொன்னதில்லை, அதுவரை.

"வந்தேன்னு சொல்லு" என்றேன்,
உள்ளே கேட்கும்படி.

வேலியோரக் காப்பிச் செடியில் ஒரு இலை பறித்தேன்.
நோய் விழுந்த இலை, துருப்பொடி விரலில் ஒட்டியது.
வலப்பக்கம் மடித்தேன்: ஆளே வந்தாள்.
பிரித்து இடப்பக்கம் மடித்தேன்.
இரண்டும் சொல்லவேண்டியிருந்தது.
மறுபடி வலம். மறுபடி இடம்.
மடித்த இடத்தில் இலை இற்றது.

நுனியை ரவிக்கைப் பையில் வைத்துக்கொண்டேன்.
மீதியை நிலைப்படியில் வைத்து
மேலே ஒரு கல்லும் வைத்தேன்.
காற்றடிக்கிற மாதம்.